மூன்றாவது போர்ட்

ஹெட்போனைத் தலையில் மாட்டி, தண்ணீர் பாட்டிலைக் கையெட்டும் இடத்தில் வைத்து, நாற்காலியை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்த பிறகுதான் கணினித் திரையின் மூலையில் அந்த மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்தேன். லைன் இல்லை. ஒயரை ஆட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் செருகியிருந்தது. அது நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னப் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. வெளியே விளக்கு எரிகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் இதேபோல இன்னொருவர் இருக்கிறார். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கடவுளே, இன்னிக்கா?" என்று வாய்விட்டே சொன்னேன். பதினொரு மணிக்கு எனக்கு அழைப்பு இருந்தது. அதற்கு அரை மணிகூட மிச்சமில்லை.

என் தொழில் பேசுவது. அதுவும் அடுத்தவர் பேச்சைப் பேசுவது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மொழி பேசுவார், நோயாளிக்கு அது தெரியாது. நடுவில் நான் வீட்டில் உட்கார்ந்தபடி அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கமும், இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்வேன். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, ஒரு வார்த்தையை விழுங்கவும் கூடாது. டாக்டர் மடத்தனமாகக் கேட்டால் நானும் மடத்தனமாகவே கேட்க வேண்டும். நோயாளி பொய் சொன்னால் அதே பொய்யை அதே நம்பிக்கையோடு சொல்ல வேண்டும். நாள் முழுக்க இப்படிச் சொந்தக் கருத்தை அடக்கி அடக்கி வைத்தால் அது எங்கே போகும்? வேலை முடிந்ததும் மொத்தமாக இவர் தலையில் போய் இறங்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கம்பெனி கொடுத்த கணினி இது. வைஃபையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஒயர் லைன் மட்டும்தான். ஏற்கெனவே இரண்டு தடவை நடு அழைப்பில் காணாமல் போயிருக்கிறேன், இரண்டுமே இவருடைய ஆராய்ச்சியின் புண்ணியம். "இன்னொரு தடவை ஆச்சுன்னா உங்க பேர எடுத்துடுவாங்கம்மா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மேற்பார்வை அம்மாள் சொல்லிவிட்டார். இந்த வீட்டுக்குள் நுழைகிற சம்பளம் என்னுடையது ஒன்றுதான். அது நின்றால் எல்லாம் நின்றது. இன்றைக்கு அறுவை சிகிச்சைக்குப் போகிற ஒரு பெண், போன வாரம் பேசிய அதே அம்மாதான் வேண்டும் என்று என்னைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

இவர் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பிரிவில் இருந்தார். பிரிவையே மூடிவிட்டார்கள். அதற்கு இவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேறு நிறைய இருக்கிறது. இன்னொருவர் என்றால் மறுநாளே நாலு இடத்தில் ஏறி இறங்கியிருப்பார். இவர், "இனிமே எல்லாமே நெட்வொர்க்தான், அதுல எறங்கிடப் போறேன்" என்றார். இறங்கவும் இறங்கினார், எங்கள் கூடத்தில். பழைய சாமான் விற்கிறவனிடமிருந்து ஒரு ரௌட்டரும் ஒயர் செருக எட்டு ஓட்டை, அதாவது போர்ட், வைத்த ஒரு நெட்வொர்க் ஸ்விட்சும் வந்தன. பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டி அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றினார். அதுவரை வீட்டில் ஒரு நல்ல ரௌட்டர் இருந்தது, பின்னால் நாலு போர்ட், வைஃபை எல்லாம் உண்டு, ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. அதைத் தூக்கித் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வந்த மகராசனுக்கு வைஃபையும் கிடையாது, போர்ட்டும் இரண்டே இரண்டு. வெளி லைன் வர ஒன்று, ஸ்விட்சுக்குப் போக ஒன்று. "எங்கண்ணன மாதிரி யாரு குடுப்பா?" என்று நாத்தனார் போனில் உருகினாள். ஏன் உருக மாட்டாள்?

அப்புறம் ஆரம்பித்தது இந்த வி-லான் கூத்து. மூன்று பேர் இருக்கிற வீட்டை, ஒருவர் இன்னொருவரைப் பார்க்க முடியாதபடி தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கிறாராம். மாமியாருடைய டிவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இவருடைய லினக்ஸ் பெட்டிக்கு ஒன்று. "ஏற்கெனவே அப்படித்தானே இருக்கோம், அதுக்கு ஒயர் வேற வேணுமா?" என்று கேட்டேன். காதில் விழாதவர்போல, சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். தகவலெல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக, பொட்டலம் கட்டித்தான் போகுமாம்; எல்லாருடைய பொட்டலங்களும் ஒரே ஒயரில்தான் போகும். கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு எண்ணை ஒட்டி அனுப்புவார்கள். அந்த எண்தான் டேக். டேக்கைப் படிக்கத் தெரிந்த பெட்டிக்கு ஸ்விட்ச் டேக்கோடு கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெட்டிக்கு அதைக் கிழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால், இது எனக்கு வந்ததில்லை என்று பெட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி. ஒரு தடவை கேட்டதில் எனக்கே புரிந்துவிட்டது. இதையே மாதக்கணக்கில் உருட்டிக்கொண்டிருக்கிற மேதையின் லினக்ஸ் பெட்டிக்கு மட்டும் இன்றுவரை லைன் ஒழுங்காக வரவில்லை. இங்கிருந்து அனுப்பினால் போகிறது, பதில் பாதி வருகிறது, பாதி வருவதில்லை. ரௌட்டர் சரியில்லை என்பார். மறுநாள் ஸ்விட்ச் சரியில்லை என்பார். அதற்கு மறுநாள் பழைய சாமான்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார். கறுப்புத் திரையில் எழுத்து கொட்டிக்கொண்டே இருக்கும், இவர் முகவாயைத் தடவியபடி பார்த்துக்கொண்டே இருப்பார். பார்த்து என்ன கண்டார் என்று இதுவரை தெரியவில்லை.

என் லைனில் மட்டும் உங்கள் வித்தையைக் காட்டக் கூடாது என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டு ஸ்விட்சில் மூன்றாவது போர்ட்டை வாங்கினேன். டேக்கைக் கிழித்துவிட்டுச் சுத்தமாக லைன் தருகிற போர்ட். அதில் நுழைகிற என் ஒயரின் முனையில் சிவப்பு நகப்பூச்சைப் பட்டையாகத் தடவியும் வைத்தேன், தெரியாமல் பிடுங்கிவிட்டேன் என்று யாரும் கதை அளக்கக் கூடாதே என்று.

கணினியை ஒரு தடவை அணைத்துப் போட்டேன். முக்கோணம் அசையவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். படம் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. டிவியும் நெட்டில்தான் ஓடுகிறது. அப்படியானால் வெளி லைன் நன்றாகத்தான் இருக்கிறது, ரௌட்டரும் இருக்கிறது. ஆனால் டிவியில் சத்தமே இல்லை. அக்கம்பக்கம் மூன்று வீட்டுக்குச் சேர்த்து சீரியல் கேட்க வைக்கிற மனுஷி, வாயசைவைப் பார்த்துக் கதை பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை, சத்தம் வெக்கலையா?"

"தலவலிம்மா."

"அவரு எங்க?"

"தூங்கறான்" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார். காலை பத்தரைக்கு இவர் தூங்குவது எனக்கு ஆச்சரியமில்லை. பிள்ளை தூங்குகிறான் என்பதற்காக என் மாமியார் குரலைத் தாழ்த்தியதுதான் இந்த வீட்டில் நான் கண்டிராத அதிசயம். கூடத்தின் கோடியில், எங்கள் படுக்கையறைக் கதவை ஒட்டி, செருப்பு வைக்கிற அலமாரி. அதன் கீழ்த்தட்டில்தான் ரௌட்டருக்கும் ஸ்விட்சுக்கும் இடம். செருப்புகளை ஒதுக்கிவிட்டு முட்டி போட்டேன்.

சிவப்பு நகப்பூச்சு இரண்டாவது போர்ட்டில் இருந்தது.

இரண்டாவது இவருடைய லினக்ஸ் பெட்டிக்கானது. எல்லாவற்றையும் டேக்கோடு தள்ளிவிடுகிற போர்ட். அதில் என் கணினியை மாட்டினால் வருகிற பொட்டலம் ஒவ்வொன்றையும் அது நெற்றியைப் பார்த்து எறிந்துகொண்டிருக்காமல் என்ன செய்யும்? விளக்கு மட்டும் பச்சையாக எரியும். என்னுடைய மூன்றாவது போர்ட்டில் ஒரு நீல ஒயர் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அது எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனேன். அலமாரியின் முதுகைச் சுற்றி, சுவரோரமாக ஓடி, படுக்கையறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே நுழைந்தது. ஒயர் தடுத்ததால் கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை, ஒரு விரல் இடைவெளி இருந்தது. என் பிழைப்பைப் பிடுங்கித் தன் பொம்மைக்கு மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார் பெரிய மனுஷர். நீல ஒயரின் முனையைப் பிடித்தேன். சின்ன நாக்குப் போன்ற கிளிப்பை அழுத்தினால் வந்துவிடும்.

"ஐயையோ, தொடாதம்மா!" மாமியார் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இன்டர்வியூல இருக்கான்." குரல் காற்றாகத்தான் வந்தது.

"என்ன இன்டர்வியூ?"

"நெட்வொர்க்கு வேலதான். அந்தப் பெட்டியத் தொறந்து காட்டச் சொல்லியிருக்காங்களாம். அவன் லைன்ல படம் நின்னு நின்னு வருதாம், அதான் உன்னோடத எடுத்துக்கிட்டான். பதினொண்ணுக்குள்ள முடிஞ்சுடும்னான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

மாமியார் கதவைப் பார்த்தார். "வேணாம்னுட்டான். சொன்னா நீ சிரிப்பியாம்."

சிரிக்காமல்? போன தடவை இன்டர்வியூவுக்குப் போய், உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டதற்கு இருபது நிமிஷம் பதில் சொல்லிவிட்டு வந்தவர் இவர். நன்றாகத்தான் சிரிப்பேன். மாதக்கணக்காக வீட்டைக் கூறு போட்டுக் கட்டிய கோட்டையில், தன் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற நாளில், தான் கட்டியதை நம்பி இவரால் உட்கார முடியவில்லை. நான் சண்டை போட்டு வாங்கிய போர்ட்தான் வேண்டியிருக்கிறது. இதைவிட ஒரு மனுஷன் தன்னைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

"எனக்குப் பதினொண்ணுக்கு ஆப்பரேஷன் கேஸ் அத்தை. லைன் இல்லன்னா என் வேல போயிடும். தெரியுமா, தெரியாதா?"

அவருக்குத் தெரியும். முகத்தில் தெரிந்தது. "வேணும்னா என் டிவி ஒயர எடுத்துக்கோயேன்" என்றார். சிறுநீரகத்தைக் கேட்டிருந்தால்கூட இதைவிடச் சுலபமாகக் கொடுத்திருப்பார். நாலாவது போர்ட்டிலிருந்து டிவியைப் பிடுங்கிவிட்டு என் சிவப்பு ஒயரை அதில் செருகினேன். டிவியில் ஒரு பெண் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபடி உறைந்து நின்றாள். என் அறைக்கு ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். மஞ்சள் முக்கோணம் அங்கேயே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. அந்த வி-லானில் டிவியைத் தவிர வேறு எந்தப் பெட்டி வந்தாலும் ரௌட்டர் கதவைத் திறக்காதபடி பூட்டு போட்டிருக்கிறேன் என்று மார்தட்டியிருந்தார். என் மாமியாருடைய சீரியலைத் திருட யாரோ வரிசையில் நிற்கிறார்கள் பாருங்கள். இரண்டாவது போர்ட்டையே டேக் இல்லாமல் மாற்றிவிடலாம், அதற்கு ஸ்விட்சின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கமோ இவருடைய லினக்ஸ் பெட்டியிலிருந்து மட்டும்தான் திறக்கும், அப்படியும் ஒரு பாதுகாப்பு. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இவரால்தான் முடியும்.

திரும்பி வந்து அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். என் ஒயரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மாமியார் உறைந்துபோன டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அந்தப் பெண் எப்போது கண்ணைத் துடைப்பாள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றாக இன்னும் கொஞ்ச நேரம்தான். வீட்டிலிருந்த ஒரே ஹெட்போன் என் கணினியில் மாட்டியிருந்ததால் அறைக்குள் எதிராளியின் குரல் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது. கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். என் கட்டைவிரல் நீல ஒயரின் கிளிப்மேல் இருந்தது. பிடுங்குவது என்று முடிவு பண்ணிவிட்டேன், அடுத்த கேள்விக்கு இவர் உளறுவதைக் காதால் கேட்டுவிட்டுப் பிடுங்கலாம் என்று ஓர் ஆசை.

"லினக்ஸ் மெஷின்லருந்து பாக்கெட் போகுது, பதில் வரல. நடுவுல ஸ்விட்ச், அந்தப் பக்கம் ரௌட்டர். எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

"மொதல்ல கேபிள் எந்த போர்ட்ல இருக்குன்னு கண்ணால பாப்பேன் சார்" என்றார் இவர். "அப்புறம் அந்த போர்ட் டேகா, அன்டேகான்னு பாப்பேன். ரௌட்டர்ல என்ன நம்பர், லினக்ஸ்ல என்ன நம்பர், ஸ்விட்ச்ல அந்த நம்பர் ரெண்டு போர்ட்லயும் இருக்கான்னு பாப்பேன். மூணு எடத்துலயும் ஒத்துப் போகணும் சார். ஒரு எடத்துல மாறினாலும் போச்சு. அதுக்கப்புறம்தான் மெஷின்ல பாக்கெட்டப் புடிச்சுப் பாப்பேன், டேக் ஒட்டி வருதா, ஒட்டாம வருதான்னு."

தடுமாற்றம் இல்லை, இழுவை இல்லை, மடமடவென்று வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் போனில் யாருக்கோ வழி சொல்லும்போது இந்தக் குரல் வரும். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் கேட்கிறேன். அடப்பாவி, எல்லாம் தெரியும்! தெரிந்துகொண்டுதான் வீட்டில் இந்த லட்சணமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளிப்பை அழுத்தியேவிட்டேன். இழுக்கவில்லை. அழுத்திப் பிடித்திருந்தேன்.

"படிச்சதுதானா, லைவ்ல எங்கயாவது செஞ்சிருக்கீங்களா?"

"செஞ்சிருக்கேன் சார். ஒரு கிளையன்ட். ஆஸ்பத்திரிங்களுக்கு மொழிபெயர்ப்பு செய்யறவங்க. அவங்களுக்கு லைன் ஒரு நிமிஷம்கூடப் போகக் கூடாது சார். பேஷன்ட் அந்தப் பக்கம் காத்துக்கிட்டிருப்பாங்க. அதனால அவங்க போர்ட்ட மட்டும் தனியாப் பிரிச்சு, டேக் இல்லாம, சுத்தமாக் குடுத்திருக்கேன். அதுல நான்கூடக் கை வெக்க மாட்டேன்."

மடியில் கிடந்த சிவப்பு முனை ஒயரைப் பார்த்தேன். கை வைக்க மாட்டாராம். நாக்கு கூசாமல் சொல்கிறார், அதுவும் என் லைனிலேயே உட்கார்ந்துகொண்டு. இதை நான் யாருக்காவது மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் என்ன குரலில் சொல்லியிருப்பேன் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. தொழில் புத்தி.

"சொல்றதுக்கென்ன, எல்லாரும்தான் சொல்றாங்க" என்றது கொட்டாவிக் குரல். "அந்த கிளையன்ட்கிட்ட பேசலாமா?"

சரி, முடிந்தது கதை, இதற்கு என் விரல்கூட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

"பேசலாம் சார். மேடம் பிஸியா இருப்பாங்க. ஆனா எடுப்பாங்க." நிதானமாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். முதல் நாலைந்து எண்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் நம்பர்.

"லைன்லயே இருங்க. இப்பவே கூப்பிட்டுப் பாத்துடறோம்."

அழைப்பு நேரத்தில் போன் சத்தம் போடக் கூடாது என்பது எங்கள் விதி. என் போன் இடது கையில் மௌனமாக நடுங்க ஆரம்பித்தது. தெரியாத நம்பர். இங்கே உட்கார்ந்து பேசினால் என் குரல் அவர்கள் காதில் போன் வழியாக ஒரு தடவையும், கதவிடுக்கு வழியாக இவர் மைக்கில் ஏறி இன்னொரு தடவையும் விழும். பேச வேண்டுமென்றால் எழுந்து, கிளிப்பை விட்டுவிட்டு, வாசற்படி தாண்டி மாடிப்படிக்குப் போக வேண்டும். போய்? கேட்பார்கள். உங்க லைன் எப்படிங்க, ஒழுங்கா இருக்கா என்று கேட்பார்கள். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்காமல், ஒன்றையும் விழுங்காமல் பேசுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். இதை விட்டுவிட்டு நீல ஒயரைப் பிடுங்கி என்னுடையதைச் செருகினால், எங்கோ ஒரு கட்டிலில் பச்சை அங்கி போர்த்திப் படுத்திருக்கிற பெண்ணுக்கு நான் சரியாகப் பதினொன்றுக்குக் கிடைப்பேன். மாமியார் சோபாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய டை. மேஜைக்குக் கீழே வீட்டில் போடுகிற அதே சாயம்போன அரைக்கால் சட்டை. போன் நடுங்குவது இவருக்குக் கேட்க வழியில்லை. கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கீழே, வெறுங்கால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தரையில் ஓடிய நீல ஒயரைக் கால்விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.